திண்டுக்கல்காரர்களின் கடல்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்றால் ஊரின் எல்லைகள் அத்தனையும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். ஒருபுறம் சிறுமலை. மேற்கே மங்கலாகக் கொடைக்கானல் மலைத்தொடர். நடுவில் மானாவாரி நிலங்கள், தென்னந்தோப்புகள், தண்ணீர் கண்ட வருஷம் மட்டும் மின்னும் குளங்கள். கடல் மட்டும் எந்தப் பக்கமும் கிடையாது. நேர்கோட்டில் அளந்தாலே கிழக்குக் கரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். அப்படியிருந்தும் இந்தச் சமவெளியில் பல வீடுகளுக்குச் சொந்தக் கடல் ஒன்று உண்டு. "வருஷம் ஒரு தடவையாவது செந்தூர் போயி முங்கி எந்திரிச்சாத்தான் மனசு ஆறும்" என்று வேடசந்தூர்க்காரரும் சொல்வார், சின்னாளபட்டி நெசவாளியும் சொல்வார், நத்தம் பக்கத்து மாந்தோப்புக்காரரும் சொல்வார்.

யோசித்துப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. இவர்கள் போவது முருகனைக் கும்பிட. முருகனோ அறுபது கிலோமீட்டருக்குள் பழனியிலேயே இருக்கிறார். தைப்பூசத்துக்குத் தென்மாவட்டங்களிலிருந்து காவடி சுமந்து பழனிக்கு நடப்பவர்களுக்கு வழிநெடுக மோரும் சோறும் கொடுக்கிற ஊர் திண்டுக்கல். சாமி கும்பிடுவது மட்டும்தான் நோக்கம் என்றால், தெற்கே 230 கிலோமீட்டர் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அறுபடைவீடுகளில் கடற்கரையில் அமைந்தது திருச்செந்தூர் ஒன்றுதான். மலைகளையே பார்த்து வளர்ந்தவர்களை அங்கே இழுத்ததில் சாமிக்கு எவ்வளவு பங்கோ, அலைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

திண்டுக்கல் கடலைத் தேடிப் போவதற்கு வெகுகாலம் முன்பே கடல் திண்டுக்கல்லைத் தேடி வந்துவிட்டது, உப்பு மூட்டையாக. வண்டிகளில் உப்பேற்றிக்கொண்டு கூட்டமாக உள்நாடு வந்த உமணர்களைச் சங்கப் பாடல்களிலேயே பார்க்கலாம். பின்னாளில் தூத்துக்குடிக் கரையோர உப்பளங்களில் வாரிய உப்பு, பொதிமாட்டிலும் வண்டியிலும் வறண்ட மேட்டுநிலங்களுக்கு ஏறியது. கூடவே கருவாடு வந்தது. வீட்டுச் சமையலுக்கு எவ்வளவு உப்பு வேண்டியிருக்கும்? பெரிய செலவு வேறொரு தொழிலில் இருந்தது. ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் உரித்த சில மணி நேரத்துக்குள் உப்புத் தடவி அடுக்காவிட்டால் அழுகிவிடும். பேகம்பூர் பக்கத்திலும் ஊரைச் சுற்றிலும் தோல் ஷாப்புகள் பெருகப் பெருக, உப்பு இந்த ஊரின் மூலப்பொருளாகவே ஆயிற்று. 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற டி. செல்வராஜின் 'தோல்' நாவல் இந்தத் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றியதுதான். சுண்ணாம்புக் குழியிலும் தோல் தொட்டியிலும் இறங்கி வேலை செய்தவர்களின் காலில் ஆறாத புண்ணாக இருந்தது அந்த வேலை. அவர்களில் எத்தனையோ பேர் கடலைக் கண்ணால் காணாமலேயே கடலுப்பில் உழன்று முடிந்தார்கள்.

புகையிலை கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரி. 'திருச்சினாப்பள்ளிச் சுருட்டு' என்று உலகம் முழுக்கப் பெயரெடுத்த சுருட்டுக்குப் போன இலையில் பெரும்பகுதி திண்டுக்கல் மண்ணில் விளைந்தது. 1887-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலில், துப்பறிவாளர் கொலையாளியை அடையாளம் காணும் தடயங்களில் ஒன்று திருச்சினாப்பள்ளிச் சுருட்டின் சாம்பல். ஊரின் இலை லண்டன் கதைப் புத்தகம்வரை கடல் தாண்டியிருந்த அந்தக் காலத்தில், அதை விளைவித்த சம்சாரி கடற்கரைக்குப் போவதென்பது வாழ்நாளில் ஒருமுறை நடக்கிற காரியம்.

ஏன் ஒருமுறை? வழி அப்படி. மதுரை, திருமங்கலம், சாத்தூர், கோவில்பட்டி என்று வண்டி கட்டிக்கொண்டோ நடந்தோ போக வேண்டும். நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் நடந்தாலும் போக ஒரு வாரத்துக்கு மேல், திரும்பி வர இன்னொரு வாரத்துக்கு மேல். மதுரை நாயக்கர் ஆட்சியில் 1689 முதல் 1706 வரை நிர்வாகத்தை நடத்திய ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளும் கட்டிய சத்திரங்களும் நடைப்பயணிகளுக்குப் பெரிய உதவி. தென்மாவட்டங்களில் இன்றும் 'மங்கம்மா சாலை' என்ற பெயர் வாயில் புழங்குவதே அதற்குச் சாட்சி. ஆனாலும் விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவில் பதினைந்து இருபது நாள் ஒதுக்க முடிந்த குடும்பம் எத்தனை இருந்திருக்கும்? கிழவர்கள் கடைசிக் காலத்தில் போனார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பியதாகவும் சொல்ல முடியாது.

1875-இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. அடுத்த ஆண்டே பாதை தூத்துக்குடியைத் தொட்டது. மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலிக்கும் போனது. திண்டுக்கல் ஸ்டேஷனில் ஏறினால் இறங்குகிற இடத்தில் கடல் என்கிற நிலை அப்போதுதான் முதன்முதலாக உண்டாயிற்று. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்புக் கப்பலைப் பிடிக்க வேண்டியவர்கள் இந்தப் பாதையில்தான் தூத்துக்குடி போனார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிப்போன மதுரைச் சீமைச் சனமும் அவர்களில் உண்டு. அவர்களுக்குக் கடல் என்றால் பிரிவு. அதே தண்டவாளத்தில், அதே மூன்றாம் வகுப்புப் பெட்டியில், கடலில் முங்கிவிட்டு வரலாம் என்று கிளம்பியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

உல்லாசத்துக்குக் கடலுக்குப் போவது உலகத்தில் எங்குமே பழைய பழக்கம் கிடையாது. இங்கிலாந்தில் அதைத் தொடங்கிவைத்தவர்கள் வைத்தியர்கள். ரிச்சர்ட் ரஸல் என்ற மருத்துவர் 1750-களில் கடல் நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் நோய்க்கு நல்லது என்று நூல் எழுதினார். நோயாளிகள் பிரைட்டனுக்குப் படையெடுத்தார்கள். 1841-இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் விட்டதும் நோயில்லாதவர்களும் போகத் தொடங்கினார்கள். சென்னையில் ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-இல் மெரினா நடைபாதையை அமைத்தது காற்று வாங்க. திண்டுக்கல் பக்கத்துத் துரைமார்கள் ஓய்வுக்குக் கடலை நாடவே இல்லை, அவர்கள் மலையேறினார்கள். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரில் இறங்கி மலைக்குப் போக வசதியாயிற்று. அந்த ஸ்டேஷனுக்கே கொடை ரோடு என்று பெயர். ஆக, ஒரே ரயிலில் வெள்ளைக்காரர் திண்டுக்கல்லுக்கு அடுத்தாற்போல் இறங்கி மேகத்துக்குள் ஏற, நம்மூர்க்காரர் இறங்காமல் தெற்கே தொடர்ந்து அலைக்குப் போனார். வைத்தியர் சீட்டுக்குப் பதிலாக இவர் கையில் இருந்தது மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கைக் காசு.

அந்த முடிச்சுத்தான் இந்த வரலாற்றின் மையம். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால், மாடு கன்று போடவில்லை என்றால், வழக்கு இழுத்தடித்தால், வீட்டுப் பெண்கள் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். 'செந்தூருக்கு வந்து முடியிறக்குகிறேன்' என்று வேண்டிக்கொள்வார்கள். காரியம் கைகூடினால் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் தெய்வக் குற்றம். மாமியாரும் தடுக்க முடியாது, வீட்டுக்காரரும் மறுக்க முடியாது. 'சும்மா கடலைப் பார்த்துவிட்டு வரலாம்' என்று ஒரு பெண் வாய்விட்டுக் கேட்க முடியாத காலத்தில், ஊரை விட்டு மூன்று நாள் வெளியே இருக்கவும், அடுப்பை மறந்து மணலில் காலை நீட்டி உட்காரவும் அவளுக்குக் கிடைத்த உரிமை நேர்த்திக்கடன்தான். அங்கே போய் நிற்கும்போது அடுத்த வேண்டுதல் பிறந்துவிடும். 'பிள்ளைக்கு மொட்டை போட்டாயிற்று, அடுத்தது காது குத்து. மூத்தவனுக்கு ஆயிற்று, இளையவனுக்கு அடுத்த வருஷம்.' ஒவ்வொரு பயணத்துக்குள்ளும் அடுத்த பயணம் விதையாக இருந்தது. பக்திக்கு நடுவில் ஓய்வைக் குறை சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. ஆனால் உழைத்து ஓய்ந்த உடம்புக்கு வேறு எந்த விடுமுறையும் சட்டப்படி இல்லாத சமூகத்தில், ஓய்வு நுழைய முடிந்த ஒரே வாசல் வழியாக நுழைந்தது. அதில் எந்தக் குறையும் இல்லை.

இருந்தாலும் திருநெல்வேலியில் இறங்கி, தாமிரபரணிக் கரையோரமாக இன்னும் அறுபது கிலோமீட்டர் வண்டியில் போக வேண்டியிருந்தது. 1923 பிப்ரவரி 24-இல் திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயில் பாதை திறக்கப்பட்டது. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று போகும் இந்தப் பாதை தமிழ்நாட்டின் அழகான ரயில் பாதைகளில் ஒன்று. நெல்வயலும் வாழையும் ஆற்றோடு கூடவே வரும். குரும்பூர் தாண்டினால் பனை. ஆறுமுகநேரியில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். தோல் ஷாப்புக்கு உப்பு சுமந்த திண்டுக்கல் தொழிலாளி, சன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டு என்ன நினைத்திருப்பார்! ஐந்து ஆண்டுகள் கழித்து, 1928-இல், திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குப் பாதை போட்டு முடித்தார்கள். அதோடு திண்டுக்கல் சந்திப்பு, மலை முருகனுக்கும் கடல் முருகனுக்கும் நடுவில் உட்கார்ந்தது.

அப்படிப் போய் இறங்கிய கரையின் கதை ரயிலைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. செந்தில் என்ற பெயர் புறநானூற்றில் வருகிறது. திருமுருகாற்றுப்படை இத்தலத்தை அலைவாய் என்கிறது. கோவில் எழுந்து நிற்பது கடலோர மணற்பாறை மீது. ஆதியில் கட்டடமும் மணற்கல்லில்தான் இருந்தது. உப்புக் காற்று அதை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி என்ற மூன்று துறவிகள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பணியை எடுத்து நடத்தி, கருங்கல்லில் மாற்றிக் கட்டினார்கள். தலைமுறைகள் தாண்டிய அந்த வேலை முடிந்து குடமுழுக்கு நடந்தது 1941-இல். ஒன்பது நிலைகளோடு 137 அடி உயரத்தில் நிற்கும் ராஜகோபுரம் மேற்கே இருக்கிறது. கிழக்கே கட்ட இடமில்லை, அங்கே கடல். திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த தேசிகமூர்த்தித் தம்பிரான் அதைக் கட்டுகையில், கூலிக்குக் காசில்லாமல் பன்னீர் இலையில் திருநீறு மடித்துக் கொடுத்தாராம். தூண்டுகை விநாயகர் கோவிலைத் தாண்டிப் போய் மடிப்பைப் பிரித்தால் உரிய கூலி அதில் இருந்ததாம். கதை அப்படி. கதையின் சாட்சியாக இன்றும் அங்கே இலை விபூதி கொடுக்கிறார்கள். பன்னீர் மரம் கடற்கரையில் தானாக வளர்வது. இலையின் பன்னிரண்டு நரம்புகள்தான் முருகனின் பன்னிரண்டு கை என்பது நம்பிக்கை. திண்டுக்கல் பக்கத்து வீடுகளில் அந்தக் காய்ந்த இலையைப் பணப்பெட்டியிலும் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள்ளும் பத்திரப்படுத்துவார்கள்.

திருமலை நாயக்கர் காலத்தில் டச்சுக்காரர்கள் இந்தக் கோவிலைப் பிடித்துக் கோட்டையாக்கிக்கொண்டதும், போகும்போது உற்சவ மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு போனதும் 1640-களின் கடைசியில் நடந்தவை. நடுக்கடலில் புயல் அடிக்க, பயந்துபோய்ச் சிலையைக் கடலில் போட்டார்கள் என்றும், எலுமிச்சம்பழம் மிதந்து கருடன் வட்டமிட்ட இடத்தில் வடமலையப்ப பிள்ளை 1653-இல் அதை மீட்டார் என்றும் தலவரலாறு சொல்கிறது. கோவிலில் இந்தக் காட்சிகள் ஓவியமாக இருக்கின்றன. அன்றைக்குத் திண்டுக்கல் கோட்டையும் திருச்செந்தூர்க் கரையும் ஒரே நாயக்கர் ஆட்சிக்குள் இருந்தவை. எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாக்கள் பேரன் பேத்திகளுக்கு வரலாற்றுப் பாடம் நடத்தியது அந்தச் சுவரோவியங்களுக்கு முன்னால்தான்.

ஆனால் போகிறவர்கள் முதலில் தேடுவது கோவிலை இல்லை. ரயிலையோ வண்டியையோ விட்டு இறங்கியதும் கடல். மூட்டை முடிச்சுக்கு ஒரு கிழவியைக் காவல் வைத்துவிட்டு மற்றவர்கள் கைகோத்து இறங்குவார்கள். நீச்சல் தெரியாத சமவெளிச் சனம். அலை முட்டி உயரம் வந்தாலே கூச்சல். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளை, வாயில் போன உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு அழும். அடுத்த அலைக்குச் சிரிக்கும். பிறகு, உடம்பெல்லாம் மணலோடு, அலைச் சத்தம் கேட்கும் தூரத்திலேயே இருக்கும் நாழிக்கிணற்றுக்குப் போவார்கள். படியிறங்கிக் கீழே போனால் பெரிய கிணற்றுக்குள் இன்னொரு சின்னக் கிணறு, வாய் ஒரு சதுர அடி அளவுதான். அதிலிருந்து எடுத்துத் தலையில் ஊற்றும் தண்ணீரில் உப்பு இருக்காது. எவ்வளவு கூட்டம் வந்தாலும் ஊறிக்கொண்டே இருக்கிறது. சூரனை வென்ற பின் படைவீரர்களின் தாகம் தீர்க்க முருகன் வேலால் உண்டாக்கியது என்பது ஐதீகம்.

நிலத்தடி நீரைப் படித்தவர்கள் கடலோர மணல் பகுதிகளைப் பற்றிச் சொல்லும் விளக்கமும் கேட்க அழகானது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது. மழை மணலுக்குள் இறங்கும்போது கீழே இருக்கும் கடல் நீரோடு உடனே கலந்துவிடாமல் அதன்மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் இருந்தால், மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும் என்பது கணக்கு. திருச்செந்தூருக்கு அருகிலேயே குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேடு மைல் கணக்கில் விரிந்து கிடக்கிறது. பெய்யும் மழையை அப்படியே உறிஞ்சி வைத்துக்கொள்ளும் மண் அது. கரையோரத்தில் இனிப்புத் தண்ணீர் ஊறுவதற்கு இயற்கை வைத்திருக்கும் வழி இது. தேரி மணலை அள்ளினாலோ, ஆழ்குழாய் போட்டு அளவில்லாமல் உறிஞ்சினாலோ, உப்புத் தண்ணீர் மேலேறிவிடும்.

இந்தக் கிணற்றின் அருமை மற்ற ஊர்க்காரர்களைவிடத் திண்டுக்கல்காரர்களுக்குக் கூடுதலாகவே தெரியும். தோல் ஷாப்பில் தோலை ஊறவைத்துக் கழுவும்போது, அழுகாமல் இருக்கத் தடவிய உப்பு அத்தனையும் தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீர் குளத்துக்கும் ஓடைக்கும் போய், அங்கிருந்து கிணற்றுக்குப் போனது. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, திண்டுக்கல்லையும் சேர்த்து ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளைப் பற்றியது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் ஆய்வு செய்ததில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்த தீர்ப்பு அது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரின் கிணறு உப்புக் கரிக்க, கடலை ஒட்டிய கிணறு இனிக்கிறது. ரெட்டியார்சத்திரத்துப் பெண் நாழிக்கிணற்றுத் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பதைப் பார்த்தால், அவளுக்கு அது தீர்த்தம் மட்டும் இல்லை என்பது புரியும்.

சாமி பார்த்து முடிந்த பிறகுதான் உண்மையான ஓய்வு. விடுதி என்பதெல்லாம் பின்னால் வந்தவை. சத்திரத்திலோ மண்டபத்திலோ இடம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் மணல். வீட்டிலிருந்து கட்டிவந்த புளிச்சோறும், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியும் வாழையிலையில் பிரியும். பிரியாணிக்குப் பேர்போன ஊரின் சனம் அங்கே மீனைக்கூடத் தொடாது, விரதம். வருஷா வருஷம் கடலுக்குப் போகிற எத்தனையோ குடும்பங்கள் கடற்கரையில் ஒருநாளும் மீன் சாப்பிட்டதில்லை. வடக்கே வீரபாண்டியன்பட்டினத்தில் புனித தோமையார் ஆலயத்தின் கோபுரமும், வலை காயப்போட்ட மீனவக் குடியிருப்பும் கண்ணுக்குத் தெரியும். இரவில் ஆண்கள் வேட்டியை விரித்துப் படுக்க, பெண்கள் விடிய விடியப் பேசுவார்கள். சம்பந்தம் பேசி முடிப்பதும், ஏழெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ராசியாவதும் அந்த மணலில் நடக்கும். காலையில் உடன்குடிக் கருப்பட்டியும் பனங்கிழங்கும் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். இந்தக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டுக்கல் வீட்டு அடுக்குப்பானைகளில் அதற்கு எத்தனையோ தலைமுறையாக இடம் இருந்தது.

இந்தப் பழக்கத்தை இந்துக்களுடையதாக மட்டும் சொன்னால் பாதி ஊரை விட்டுவிட்டதாகிவிடும். முத்தழகுபட்டி, மேட்டுப்பட்டிக் கிறிஸ்தவர்களுக்கு வேளாங்கண்ணி. ஆகஸ்டு 29-இல் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை திருவிழா. மாதா கோவிலுக்கு மெழுகுவத்தி, கடலுக்குப் பிள்ளைகள். பேகம்பூர் முஸ்லிம் குடும்பங்களுக்கு நாகூர், ஏர்வாடி. செந்தூர், வேளாங்கண்ணி, நாகூர், ஏர்வாடி எல்லாமே கரையில் இருப்பவை. உள்நாட்டு வறண்ட ஊரின் மூன்று மதத்தவரும் தங்கள் வேண்டுதலைத் தீர்க்கக் கடல் பக்கமாகவே திரும்பியிருக்கிறார்கள். போய்விட்டு வந்து தெருவில் கோவில் பிரசாதமும் தர்கா தப்ருக்கும் மாற்றிக் கொடுத்துக்கொள்வதும் வழக்கம். ராமேஸ்வரமும் கடல்தான். ஆனால் அது அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்கிற கடல். ஆடி அமாவாசைக்குப் போய்க் காரியத்தை முடித்துக்கொண்டு திரும்புவார்கள். பிள்ளைகுட்டியோடு சிரித்துக்கொண்டு போனது செந்தூருக்கே.

மீட்டர் கேஜ் பாதைகளை அகலப்படுத்திய ஆண்டுகளில் இந்தப் போக்குவரத்து தடுமாறியது. திண்டுக்கல் - பழனி - பொள்ளாச்சிப் பகுதியில் பல ஆண்டுகள் ரயிலே ஓடவில்லை. 2015-இல்தான் பாதை முழுமையாகத் திரும்பக் கிடைத்தது. அந்த இடைவெளியில் வேன் வந்தது. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, ராத்திரி கிளம்பி விடியலில் கடலில் முங்கி, அன்று இரவே ஊர் திரும்பும் பழக்கம் வேரூன்றியது. மூன்று நாள் பயணம் ஒரே நாளாகச் சுருங்கிப்போனதில் இழந்தது மணல் இரவு. இப்போது பாலக்காட்டில் அதிகாலை கிளம்பும் திருச்செந்தூர் ரயில், பழனி, ஒட்டன்சத்திரம் வழியாக முற்பகலில் திண்டுக்கல்லுக்கு வந்து பிற்பகலில் செந்தூர் சேர்கிறது. இரண்டு முருகன்களையும் ஒரே டிக்கெட்டில் இணைக்கும் இந்த வண்டியில், பச்சை வேட்டி கட்டியவர்களும் பச்சைப் பிள்ளைக்காரிகளும் இன்றும் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். 2023 டிசம்பர் 17-இல் தாமிரபரணிப் படுகையில் கொட்டிய மழையில், திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கிக்கொண்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையே வெள்ளம் கொண்டுபோயிருந்தது. பக்கத்துக் கிராமத்து மக்கள் பயணிகளுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். பாதை சீராகி ரயில் ஓடும்வரை, திண்டுக்கல் ஸ்டேஷனில் விசாரிப்போர் கேட்ட முதல் கேள்வி 'செந்தூர் வண்டி எப்போ வரும்?' என்பதுதான்.

2025 ஜூலை 7-இல் குடமுழுக்கு நடந்தபோது கரையே தெரியாத அளவுக்குக் கூட்டம். சுமார் 300 கோடி ரூபாயில் புதிய மண்டபங்களும் வரிசைக் கூடங்களும் தங்கும் விடுதிகளும் எழுந்திருக்கின்றன. பௌர்ணமி இரவில் கடற்கரையில் தங்கினால் நல்லது என்ற நம்பிக்கை அண்மைக் காலத்தில் பரவ, பழைய மணல் இரவு புது வேகத்தோடு திரும்பியிருக்கிறது. சிக்கல், மணல் குறைந்துகொண்டே வருவதுதான். கோவிலுக்கு முன்னால் அலை கரையை அரித்துச் சில இடங்களில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்தது. அப்படி அரித்த இடங்களில், தீர்த்தங்களின் பெயர் பொறித்த பழைய கற்கள் வெளியே தெரிந்தன. இக்கரையில் 24 தீர்த்தங்கள் இருந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. மக்கள் புழக்கத்தில் இன்று எஞ்சியிருப்பவை கடலும் நாழிக்கிணறும்தான்.

கடலில் ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் இன்னோரிடத்தில் மணல் போகும் என்பது கரையோர மீனவர்கள் எல்லோரும் அறிந்தது. அமலிநகர், ஆலந்தலை போன்ற பக்கத்து மீனவ ஊர்களுக்குப் படகை நிறுத்தக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு வேண்டும். வருகிற சனத்துக்குக் கால் வைக்க மணல் வேண்டும். அமலிநகரையும் ஆலந்தலையையும் கோவில் கரையையும் தனித்தனியாகப் பார்க்காமல், ஒரே கரையாக வைத்துத் திட்டம் போட்டால்தான் இரண்டும் மிஞ்சும். புதிய கூடங்களில் மின்விசிறியும் குளிர்ந்த குடிநீரும் இருக்கின்றன, அவை தேவையும்கூட. ஆனால் வேடசந்தூரிலிருந்து பேரனுக்கு மொட்டை போட வரும் பாட்டி மூட்டையை இறக்கி வைப்பது அந்த மணலில்தான்.